"ஸ்ட்ரெங்தன்" என்னும் வினைச்சொல்

ஆங்கில பாஷையிலே "ஸ்ட்ரெங்தன்" என்றொரு வினைச்சொல் உண்டு. வலிமை அடைதல் என்றும், வலிமை அடையச் செய்தல் என்றும் இரு திறத்தானும் பொருள்படுவது அது. அதனைக் கேட்டறியாத மாணாக்கர் எமது கல்லூரியில் ஒருவரும் இலர். பிழையின்றி ஆளும் மாணாக்கரோ மிகச் சிலரே. பள்ளியிற் பயிலுங்காலத்துச் சொற்பொருட் பட்டியலிலே "ஸ்ட்ரெங்தன், வலுப்படுத்து" என ஒருமுறை நெட்டுருச் செய்துவிட்டு, அத்துடன் அச்சொல்லோடு தமக்குள்ள கணக்குத் தீர்ந்ததெனக் கருதுவார் பலர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் யாம் ஆங்கிலச் சொல்லொன்றைக் குறித்து எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எல்லை கடந்த செயலென்று ஆங்கிலத் துறை நண்பர் நகைக்கவும் கூடும். ஆயினும், இச்சொல்லைப் பற்றிய பிழைகளிற் பெரும்பாலன மாணாக்கரின் அறியாமையால் விளைவன அல்ல. தமிழின் நெறியை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுதலால் விளைவன. ஆதலின் அவற்றிற்குரிய மருந்தும் தமிழிலக்கணத்தினிடத்தேதான் உள்ளது என்பது எம் துணிபு.

முதற்கண் பிழைகளையே நோக்குவோம். "ஐ பிகம் ஸ்ட்ரெங்தன்" என்பார் ஒருவர். "வீ மஸ்ட் ஸ்ட்ரெங்த் அவர் யூனியன்" என்று மேடையேறி முழங்குவார் மற்றொருவர். "ஸ்ட்ராங்கன்" என்று புதுச்சொற் படைப்பாரும் உளர். புயற்காலத்தைப் பற்றி எழுதும் கட்டுரையில் "த விண்ட் வாஸ் ஸ்ட்ரெங்தன்ட்" என்பது பெருவழக்கு. இவையன்றி, நம் பள்ளிக்கூடங்களில் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தொகையை "ஸ்ட்ரெங்த்" என்றே வழங்குகின்றோம். "இவ்வகுப்பின் ஸ்ட்ரெங்த் அறுபது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வகுப்பை "ஸ்ட்ரெங்தன்" செய்தலாவது இன்னும் நால்வரைச் சேர்த்துக் கொள்ளுதலே என்று தோன்றினால், அப்பிள்ளையைக் குறை கூறுதல் எங்ஙனம்? படையின் தொகையைக் குறிக்க ஆங்கிலேயரும் அச்சொல்லை அவ்வாறு ஆள்வர்.

இப்பிழைகளைக் கண்டவிடத்துச் செம்மையாற் சுழித்து, "தவறு" என்ற ஒரு சொல்லை மாத்திரம் ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பித் தருதல் பல இடத்தும் நடப்பதே. அத்தாளைப் பெற்ற மாணாக்கன் யாது செய்வான்? தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனாயின், அடுத்த முறை அச்சொல்லை எழுதாது விடுவான். அதற்கடுத்த முறை அதனையொத்த பிற சொற்களையும் விடுவான். மூன்றாம் ஆண்டு முடிவில், ஆங்கிலத்திற் பேசவேண்டிய இடமெல்லாம் வாய்திறவாது பின்வரிசையில் அமர்ந்திருப்பான். அறிவிற் குறைந்தவன் என்று அவனை நேர்முகத் தேர்வில் அனுப்பிவிடுவார்கள். அவன் பிழைக்குக் காரணம் இன்னது என்று கூறுதற்கு ஒருவர் இருந்திருப்பின், அரைமணியில் தீர்ந்திருக்கும் காரியம் இது.

காரணத்தை இனி ஆராய்வோம். "ஸ்ட்ராங்கன்" என்று கூறியவனை முதலில் எடுத்துக்கொள்வோம். பிழை செய்தவர் எல்லாருள்ளும் அவனே எமக்கு மிகவும் உவப்பானவன். "வீக்" என்பதிலிருந்து "வீக்கன்" பிறக்குமாயின், "ஸ்ட்ராங்" என்பதிலிருந்து "ஸ்ட்ராங்கன்" ஏன் பிறத்தல் கூடாது? வினா நியாயமானதே. இதற்கு விடை, ஆங்கிலத்திலும் ஈற்றெழுத்து நோக்கிய ஒரு விதி உண்டு என்பதாம். பண்புச்சொல்லின் பின் "அன்" என ஒலிக்கும் அவ்விகுதி, பெரும்பான்மையும், வல்லோசையானும் உரசும் ஓசையானும் முடியும் ஓரசைச் சொற்களையே சார்ந்து நிற்கும். "ஷார்ட்டன்," "ஒய்டன்," "டீப்பன்," "டார்க்கன்," "டஃபன்," "லூஸன்" ஆகிய எல்லாவற்றிலும் அவ்விகுதிக்கு முன்னிற்பது எவ்வோசை என்று நோக்குக. மெல்லோசையாலும் இடையோசையாலும் உயிராலும் முடியும் சொற்களின்பின் அவ்விகுதி வாராது. "தின்," "வார்ம்," "கூல்," "ஸ்லோ," "டிரை" என்பன விகுதி ஏலாது தாமே வினையாய் நிற்கும்.

நிறப்பெயர்களை நிரலே எடுத்துக்கொண்டால் இவ்விதி உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளங்கும். வெண்மைக்கு "ஒயிட்டன்" உண்டு. கருமைக்கு "பிளாக்கன்" உண்டு. செம்மைக்கு "ரெடன்" உண்டு. பசுமைக்கும் நீலத்துக்கும் பழுப்புக்கும் அத்தகைய வினை இல்லை. "கிரீன்," "பிரவுன்" என்பன மெல்லோசையில் முடிந்தன. "புளூ" உயிரில் முடிந்தது. ஆங்கிலேயன் பசுமையை வெறுத்தவனல்லன். அவன் நாவிற்கு அப்புணர்ச்சி ஏற்கவில்லை, அவ்வளவே. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நன்னூல் வகுத்ததைச் சிறுவயதிலேயே ஒப்பித்த தமிழ் மாணாக்கனுக்கு இவ்விதி ஒரு விளையாட்டாகத் தோன்றும். ஈற்றெழுத்து இன்னதாயின் இது வரும், இன்னதாயின் இது வாராது என்று கேட்டு வளர்ந்தவனல்லனோ அவன்? ஆங்கில வகுப்பில் இதனைக் கூறுவாரைக் காணுதல்தான் அரிது.

"ஸ்ட்ராங்" என்பதோ "ங்" என்னும் மெல்லோசையில் முடிகின்றது. "லாங்" என்பதும் அத்தகையதே. ஆதலின் அவை விகுதியை நேரே ஏலாவாயின. ஆயின் அவற்றிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களாகிய "ஸ்ட்ரெங்த்," "லெங்த்" என்பன உரசும் ஓசையில் முடிதலின் விகுதியை ஏற்றன. "ஸ்ட்ரெங்தன்," "லெங்தன்" என்பன இங்ஙனம் பெயரடியாகப் பிறந்த வினைகள். "ஹை" என்னும் உயிரீற்றுச் சொல்லும் "ஹைட்" என்னும் பெயராகி அதன்பின்னரே "ஹைட்டன்" ஆயிற்று. பலவீனத்தின் வினை பண்புச்சொல்லிலிருந்து நேரே வந்தது. பலத்தின் வினை சுற்றுவழியே வந்தது. "ஸ்ட்ராங்கன்" என்றவன் ஒரு நல்ல விதியை நன்றாகவே கற்று, அதன் புறனடையைக் கற்பிப்பார் இன்றி நின்றவன்.

"ஸ்ட்ராங்" என்பதிலுள்ள உயிர் "ஸ்ட்ரெங்த்" என்பதில் திரிந்தது எற்றிற்கு என்று வினவுவார்க்கும் விடை உண்டு. பழைய ஆங்கிலத்திற்கு முற்பட்ட நிலையில் இப்பெயர் விகுதி இகரத்தோடு கூடி நின்றது. பின்னின்ற அவ்விகரம் முன்னின்ற உயிரைத் தன்பால் ஈர்த்துத் திரித்துவிட்டுத் தான் மறைந்தது. "லாங், லெங்த்" என்பதும் "பிராட், பிரெட்த்" என்பதும் அவ்வாறு வந்தனவே. பின்வரும் உயிர் முன்னுள்ள உயிரைத் திரித்தல் நமக்குப் புதுமையன்று. இலை என்பதைப் பேச்சில் எலை என்கின்றோம்; உலகம் ஒலகமாகின்றது; புகை பொகையாகின்றது. நம் பாட்டியார் நாவில் நாள்தோறும் நிகழ்வது அது.

"ஸ்ட்ரெங்த் அவர் யூனியன்" என்று முழங்கியவனைப் பற்றியும் ஒரு சொல். பெயரையே வினையாக ஆண்டது இக்காலத்துப் பிழையே, ஐயமில்லை. ஆயினும் இடைக்கால ஆங்கிலத்தில் அப்பெயர் விகுதியின்றித் தானே வினையாகவும் வழங்கிற்று. அறுநூறு ஆண்டுகள் முன்னர்ப் பிறந்திருப்பின் நம் நண்பன் பேச்சைக் கேட்டு ஒருவரும் நகைத்திரார்.

இச்சொல்லை ஆளுதலில் மிக இன்றியமையாதது தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடேயாம். தமிழில் இவ்விரண்டும் உருவத்தால் வேறுபடும். திருந்துவது ஒன்று, திருத்துவது மற்றொன்று; பெருகுவது ஒன்று, பெருக்குவது மற்றொன்று. மெல்லெழுத்து வல்லெழுத்தாய் இறுகும் அளவில், அல்லது வல்லெழுத்து இரட்டிக்கும் அளவில், பொருள் பிறர்மேற் செல்லும். 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஐயர் இதனை விரித்து ஆராய்ந்துள்ளார். வளர், சேர், உடை முதலியன பகுதியளவில் ஒன்றாயிருப்பினும், வளர்கின்றது, வளர்க்கின்றது எனவும், உடைகின்றது, உடைக்கின்றது எனவும் ஓர் ஒற்றினால் தம்மைப் பிரித்துக் காட்டும். வி, பி என்னும் விகுதி பெற்றுச் செய்விக்கும் பொருள் தருவனவும் உள. எவ்வாற்றானும், தான் அடைவதையும் பிறரை அடைவிப்பதையும் ஒரே வடிவத்தாற் கூறுதற்குத் தமிழ் நெஞ்சம் எளிதில் இசைவதில்லை. வலுத்தது என்றால் தானே வலுத்தது. வலுப்படுத்தினான் என்றால் பிறிதொன்றை வலுப்படுத்தினான்.

ஆங்கிலத்திலோ "ஸ்ட்ரெங்தன்" என்னும் ஒரே வடிவம் இருபாலும் நிற்கின்றது. "த விண்ட் ஸ்ட்ரெங்தன்ட்" என்றால் காற்று வலுத்தது. "தே ஸ்ட்ரெங்தன்ட் த வால்" என்றால் சுவரை வலுப்படுத்தினார்கள். வினையின் உருவில் ஒரு புள்ளியளவும் வேற்றுமை இல்லை. பின்னர்ச் செயப்படுபொருள் வந்ததா, இல்லையா என்பதே பொருளைத் துணிவிக்கும். பட்டியலில் "வலுப்படுத்து" என்ற ஒரு பொருளை மாத்திரம் நெட்டுருச் செய்தவன் தன்வினை கூறவேண்டிய இடத்தில் திகைக்கின்றான். தன்னிடமுள்ளது பிறவினையென்று எண்ணி, அதனைத் தன்வினையாக்கும் பொருட்டு "பிகம்" என்பதை முன்னே ஒட்டுகின்றான். "ஐ பிகம் ஸ்ட்ரெங்தன்" பிறந்த வரலாறு இதுவே.

இவ்விடத்தில் மாணாக்கனுக்குக் கூறவேண்டுவது ஒன்றே: "தம்பி, தமிழிலும் இத்தகைய வினை உண்டு, நீ அதனை நாள்தோறும் ஆள்கின்றாய்" என்பது. கதவு திறந்தது என்கின்றோம். கதவைத் திறந்தான் என்றும் கூறுகின்றோம். திறந்தது, திறந்தான் என்னும் இரண்டனுள்ளும் பால் காட்டும் விகுதி வேறுபட்டதன்றி, வினைப்பகுதியும் இடைநிலையும் ஒன்றே. ஐகார உருபு ஏற்ற பெயரொன்று உடன் வந்தால் பிறவினை, வாராதாயின் தன்வினை. வெளுத்தலும் அவ்வாறே. வெயிலிற் கிடந்து துணி வெளுத்தது. வண்ணார் துணியை வெளுத்தார். "ஸ்ட்ரெங்தன்" என்பது திறத்தலைப் போன்ற வினை என்று ஒருமுறை கூறிவிட்டால், "கதவு திறந்ததாக ஆயிற்று" என்று எவ்வாறு கூறமாட்டானோ, அவ்வாறே "பிகம் ஸ்ட்ரெங்தன்" என்றும் எழுதமாட்டான். "ஓப்பன்," "பிரேக்," "மெல்ட்," "குரோ," "வீக்கன்" ஆகிய எத்தனையோ வினைகளும் அதே சாவிக்குத் திறக்கும். ஒன்றைக் கற்பித்த மாத்திரத்தில் ஐம்பது கற்பித்தவாறாம்.

"த விண்ட் வாஸ் ஸ்ட்ரெங்தன்ட்" என்பதன் மூலம் வேறு. அது மிகவும் நுண்ணியது. தமிழில் "படு" என்னும் துணைவினை இருதொழில் செய்கின்றது. கட்டப்பட்டது, கொல்லப்பட்டான் என்னுமிடத்து அது செயப்பாட்டுவினையின் அடையாளம். செய்தவன் வேறொருவன் உளன். வலுப்பட்டது, வெளிப்பட்டது, புறப்பட்டான் என்னுமிடத்தோ அது செயப்பாட்டுவினை அன்று. புறப்பட்டவனை எவரும் புறப்படுத்தினாரல்லர், தானே கிளம்பினான். முன்னதில் "படு" வினையெச்சமாகிய "கட்ட" என்பதன்பின் வந்தது. பின்னதில் "வலு" என்னும் பெயர்ப்பின் வந்தது. ஆங்கிலப் பாடத்தில் "பட்டது என்றால் வாஸ்" என்று கற்பிக்கப்பெற்ற மாணாக்கன், இவ்வேற்றுமையைக் காணாமல், வலுப்பட்ட காற்றுக்கும் "வாஸ்" இடுகின்றான். அதனை ஆங்கிலேயர் ஒருவர் படிப்பாராயின், காற்றை வலுப்படுத்தியவர் யாவர் என்றன்றோ தேடுவார்! சுவருக்கு அவ்வாறு கூறுதல் தகும், கொத்தனார் இருக்கின்றார். காற்றுக்குக் கொத்தனார் இல்லை.

உருவம் இவ்வாறாக, இவ்வினை எவ்வெப் பொருளோடு சேரும், எதனோடு சேராது என்பதும் அறியத்தக்கது. காற்று, நாணயம், உறவு, ஐயம், மனவுறுதி, தசை ஆகியன தாமே "ஸ்ட்ரெங்தன்" ஆகும். ரூபாயின் மதிப்பு டாலரை நோக்க உயர்ந்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் ரூபாய் அவ்வாறாயிற்று என்றே எழுதும். ஆனால் காய்ச்சலில் கிடந்து எழுந்த மனிதனை அவ்வாறு கூறுதல் வழக்கன்று. "ஹீ ஸ்ட்ரெங்தன்ட்" என்று நிறுத்தினால் ஆங்கிலச் செவிக்கு அது முடியாத வாக்கியம்போல் நிற்கும். எதனை வலுப்படுத்தினான் என்று எதிர்பார்க்கும். "ஹீ க்ரூ ஸ்ட்ராங்கர்" என்பதே இயல்பு. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் இப்பொருளுக்கு "வாக்ஸ்" என்னும் பழவினை வரும். தாவீது வரவர வலுத்ததும் சவுலின் குடும்பம் வரவரத் தளர்ந்ததும் அவ்வினையாற் கூறப்பட்டன. அவ்வினை இக்காலத்தில் வளர்பிறைக்கு அல்லாமல் பிறவற்றிற்கு அரிதாகவே வழங்கும். தமிழிலோ நோயினின்று எழுந்தவனை "உடம்பு தேறினான்" என்று எவ்வளவு அழகாகக் கூறுகின்றோம்!

நோயைப் பற்றிய வேறொரு வேடிக்கையும் உண்டு. "வலி" என்னும் சொல் பழந்தமிழில் வலிமையைக் குறித்தது. திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரமாகிய வலியறிதல், ஒரு செயலில் இறங்குமுன் அதன் வலிமையையும் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் இருபாலார்க்கும் துணையாவாரின் வலிமையையும் சீர்தூக்க வேண்டுமென்று கூறும். இன்றைய பேச்சில் வலி என்பது நோவு. தமிழில் வலி வலுக்கலாம். ஒரே வேரின் இரு சொற்கள் தம்முள் கைகோத்து நிற்கும். ஆங்கிலத்தில் நோவு "ஸ்ட்ரெங்தன்" ஆகாது. அதற்கு "இன்டென்ஸிஃபை" என்றோ, "வொர்ஸன்" என்றோ கூறவேண்டும். வங்கக்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றது என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதும், இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் "இன்டென்ஸிஃபை" என்றே வரும். "வலு" என்று கண்டவிடமெல்லாம் அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டுவார்க்கு இவை இடறுகற்கள். கைப்பேசியில் மொழிபெயர்ப்பு வினவுவார்க்கும் அஃதே. அஃது ஒரு சொல்லைத் தரும், அச்சொல் அமரும் இடத்தை விளக்குதல் அரிது.

ஏனைய ஒருபொருட் கிளவிகளை விரைந்து கூறிச் செல்வோம். கோட்டை கொத்தளங்களாற் காவல் செய்தலும், மாவிலே சத்துப்பொருள் கலத்தலும் "ஃபார்ட்டிஃபை." காரையினுள்ளே இரும்புக் கம்பியிட்டு இறுக்குதலும், படைக்குப் புதுப்படை அனுப்புதலும் "ரீஇன்ஃபோர்ஸ்." சிதறியவற்றை ஒன்றாகத் திரட்டி நிலைபெறுவித்தல் "கன்ஸாலிடேட்." இவற்றிலெல்லாம் எவ்வழியால் வலுவேற்றப்படுகின்றது என்னும் குறிப்பு உள்ளடங்கியிருக்கும், "ஸ்ட்ரெங்தன்" வழியைக் கூறாது, பயனை மாத்திரம் கூறும். ஆதலினாலேயே எல்லாவிடத்தும் புகுந்து கொள்கின்றது.

எல்லாவிடத்தும் புகுதல் நன்மையா என்பது வேறு வினா. கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு இதனை விளக்க வேதாகமத்திலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்கின்றது. பேதுருவை நோக்கி ஆண்டவர் கூறும் லூக்கா 22-ஆம் அதிகாரம் 32-ஆம் வசனத்திலும், பவுல் அப்போஸ்தலர் எழுதும் பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்திலும், 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு "ஸ்ட்ரெங்தன்" என்னும் ஒரே வினையை ஆள்கின்றது. கிரேக்க மூலத்திலோ வினைகள் இரண்டு. முன்னது ஊன்றி அசையாமல் நிறுத்துதலைக் குறிப்பது. பின்னது உள்ளே வல்லமை ஊட்டுதலைக் குறிப்பது. வழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதற்கு "ஸ்திரப்படுத்து" என்றும் பின்னதற்குப் "பெலப்படுத்து" என்றும் கூறி, மூலத்தின் வேற்றுமையைப் போற்றிக் காத்திருக்கின்றது. தடுமாறி விழவிருப்பவர்களைப் பிடித்து நிறுத்துதலும், பசியிலும் நிறைவிலும் வாழ்தற்கு வல்லமை பெறுதலும் வெவ்வேறன்றோ? ஆங்கிலத்தை மாத்திரம் படிப்பார் காணாத இவ்வேற்றுமையைத் தமிழை மாத்திரம் படிக்கும் கிராமத்து மூதாட்டி காண்கின்றாள்.

இத்தகைய செல்வம் உடைய நாம், இக்காலத்தில் அதனை ஆங்கிலச் சொல்லொன்றின் பொருட்டுத் துறந்து வருகின்றோம் என்பதே எம் வருத்தம். பத்திரிகைகளைத் திறந்தால் உறவு வலுப்படுத்தப்படுகின்றது, சட்டம் வலுப்படுத்தப்படுகின்றது, கட்சி, கரை, கல்வி, காவல் எல்லாம் வலுப்படுத்தப்படுகின்றன. உறவு நெருங்கும், இறுகும், சட்டம் கடுமையாகும், கரை உயரும், திண்ணிதாகும், குரல் உரக்கும், உள்ளம் திடப்படும், துயருற்றவர் தேறுவர், அவரைத் தேற்றுவர். இத்தனை வினைகளும் வேலையின்றிக் கிடக்க, ஒன்றே எல்லா வேலையும் செய்து களைக்கின்றது. இது ஆங்கிலத்தின் குற்றமன்று, மொழிபெயர்ப்பாரின் சோம்பல்.

எம் கூற்றுக்கு எதிர்க்கூற்று உண்டென்பதை அறிவோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கவேண்டும், ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், வகுப்பிலே தமிழ் நுழைந்தால் மாணாக்கன் என்றும் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பான் என்பர் ஆசிரியர் பலர். அதன்கண் உண்மை உண்டு. ஒரு வழக்கில் ஒருவரது "கையை" வலுப்படுத்துதல் என்னும் ஆங்கில மரபுத்தொடரைச் சீட்டாட்டமும் பேரமும் அறிந்த நாவலாசிரியர்களைப் படித்தே அறியவேண்டும். இலக்கண விதி அதனைத் தாராது. மூன்று மெய்கள் திரண்டு முன்னிற்கும் அச்சொல்லை "இஸ்" என்று தொடங்காமல் உச்சரிக்கவும், மொழி முதலில் தனிமெய் வாராத தமிழ் நாவிற்குக் கேட்டலும் பயிற்சியும் வேண்டும். படித்தலையும் கேட்டலையும் யாம் மறுக்கவில்லை.

ஆனால் ஆங்கிலத்தில் சிந்தி என்று கட்டளையிடுதல், நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் நின்று நீந்து என்பதனை ஒக்கும். வீட்டில் ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைகளுக்கு அக்கட்டளை பொருந்தும். ஏனையோர் எவ்வாறாயினும் தமிழில்தான் சிந்திக்கின்றனர். வகுப்பில் தமிழைத் தடுத்தமையால் அச்சிந்தனை நிற்பதில்லை, ஒளிந்து நடக்கின்றது. ஒளிந்து நடப்பது திருத்தம் பெறாது. "வாஸ் ஸ்ட்ரெங்தன்ட்" என்றெழுதியவன் தன் மனத்தில் "வலுப்பட்டது" என்று கூறிக்கொண்டதை வெளியே கூற இடங்கொடுத்தால், பிழை எவ்விடத்துப் புகுந்தது என்பதை அவனே காட்டுவான். "படு" இரண்டு என்று ஒருமுறை கண்டவன் மீண்டும் அங்கு இடறான். அன்றியும், தன் தாய்மொழியில் இத்துணை நுட்பம் உண்டு என்று அன்றே முதன்முறை அறிவான். தமிழிலக்கணம் தேர்வுக்கன்றி வேறொன்றிற்கும் உதவாது என்னும் எண்ணமும் அவனிடத்து அன்று நீங்கும். எம் துறையின்மீது பிற துறையார்க்குள்ள கருத்தை அறிந்தவர்க்கு இது சிறிய பேறன்று.

ஆதலின் எம் வேண்டுகோள் ஒன்றே. முதலாண்டு மாணாக்கர்க்குப் பருவத் தொடக்கத்தில், ஆங்கிலத் துறையாரும் தமிழ்த் துறையாரும் சேர்ந்து சில மணி நேரம் வகுப்பெடுக்கலாம். கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒருபால் திற, வெளு, வளர், வலுப்படு, கட்டப்படு என்பனவும், மற்றொருபால் அவற்றிற்கு நேரான ஆங்கில வாக்கியங்களும் எழுதினால் போதும். ஈற்றெழுத்து விதிக்கு நிறப்பெயர்களே போதிய பாடம். எம் வகுப்பினர் நால்வர் பலகையின் தமிழ்ப்பாதியை எழுதித்தர இசைந்துள்ளனர். ஆங்கிலப்பாதிக்கு ஓர் ஆசிரியரும், சனிக்கிழமை முற்பகலில் ஓர் அறையும் கிடைத்தல் வேண்டும்.